கரண்ட் வந்த முதல் ஒரு மணி நேரம் மோட்டார் பட்டன் வேலை செய்வதில்லை: வைஃபைக்கு மாறலாமா?

தான்லின்காரன்:
வணக்கம். எங்கள் வீடு மியான்மரில், யாங்கோன் பக்கத்துத் தான்லினில், செங்கல் கட்டடம். கிணற்று மோட்டார் கொல்லையில், வீட்டிலிருந்து 30 மீட்டர். "மீ லாபீ!" (கரண்ட் வந்துவிட்டது) என்று தெருப் பிள்ளைகள் கத்தியதும் தண்ணீர் ஏற்றிவிட வேண்டும், அடுத்து எப்போது கரண்ட் போகுமோ. அம்மாவால் கொல்லைக்கு ஓட முடியாது. அதனால் மின்கம்பி வழியாகவே சிக்னல் போகிற பழைய செட் ஒன்றைப் போட்டேன். கரண்ட் வந்த முதல் ஒரு மணி நேரம் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. அப்புறம் தானாகவே சரியாகிவிடுகிறது. தூக்கிப் போட்டுவிட்டு வைஃபை பிளக் வாங்கலாமா?

பழைய வயர்மேன்:
தம்பி, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்குமே? நீங்கள் சொல்லும் ஒரு மணி நேரம் பேட்டரி சார்ஜ் ஏறும் நேரம் மாதிரி இருக்கிறது. உங்களுடையது போல மின்கம்பி வழியே பேசும் எக்ஸ்10 வகைச் செட்டுகள் 1975 காலத்து யோசனை. வோல்ட்டேஜ் சுழியைத் தொடும் கணத்தில் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைக் கம்பியில் ஏற்றும். சார்ஜர் போடும் இரைச்சலில் அது அமுங்கிப்போகும். பட்டன் பெட்டியை இன்வெர்ட்டர் வழியாக வராத நேர் லைன் சாக்கெட்டில் செருகி, இன்வெர்ட்டரின் மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அழுத்திப் பாருங்கள்.

பகோ அக்கா:
வைஃபை பிளக் விளக்குக்குச் சரி, மோட்டாருக்கு வேண்டாம். கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுந்திருக்கவே நேரமாகும். சில பிளக்குகள் "ஆஃப்" நிலையிலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு செங்கல் சுவரைத் தாண்டிக் கொல்லைக்குச் சிக்னல் போவதும் சந்தேகம். சிக்பீ என்ற இன்னொரு வயர்லெஸ் வகைக்கும் வைஃபை மாதிரி அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். வழியில் கரண்டில் ஓடும் சிக்பீ பிளக் இருந்தால் சிக்னலை வாங்கிக் கைமாற்றிவிடும், பேட்டரி சென்சார் அதைச் செய்யாது. ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்குவதானால் ஸ்விட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் வரவில்லை, வாங்கியது அலமாரியில் தூங்குகிறது.

தான்லின்காரன்:
அண்ணே, பிடுங்கினேன். முதல் அழுத்திலேயே மோட்டார் ஓடியது! ஆனால் தினமும் பிடுங்கிக்கொண்டிருக்க முடியுமா?

பழைய வயர்மேன்:
வேண்டாம். 30 மீட்டர்தானே, வயரே இழுத்துவிடுங்கள். மாடித் தொட்டியில் மிதவை ஸ்விட்ச், அங்கிருந்து பிவிசி குழாய்க்குள் இரண்டு கோர் வயர், கொல்லையில் 24 வோல்ட் காயில் வைத்த காண்டாக்டர் (மோட்டார் லைனைச் சேர்த்துப் பிரிக்கும் மின்காந்த ஸ்விட்ச்), அதற்கு ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். தண்ணீர் குறைந்திருந்தால் கரண்ட் வந்ததும் தானாக ஓடும், நிரம்பினால் நிற்கும். அம்மா பட்டனைத் தொடவே வேண்டாம். கிணறு வற்றுகிற மாதங்களுக்கு மட்டும் தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு ஒன்று சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் கருகிப் போகும்.

தான்லின்காரன்:
மண்வெட்டி எடுத்தாயிற்று. நடுவில் அம்மாவின் முருங்கை மரம் நிற்கிறது, சுற்றித்தான் போக வேண்டும். 40 மீட்டராக வாங்குகிறேன்.