கனடாவிலிருந்து வந்த சார்ஜர்: எங்கள் குடும்பக் குழுவில்

பூமணி பெரியம்மா (முள்ளியவளை): கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பொதியில் ஒரு போன் சார்ஜர் வந்திருக்கிறது. என் பழைய சார்ஜரில் 5 வோல்ற், 1 அம்பியர் என்று எழுதியிருக்கிறது; புதியதில் 3 அம்பியர் என்று இருக்கிறது. மூன்று மடங்கு கரண்ட் பாய்ந்து போன் எரிந்துவிடும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னதால் அதை இன்னும் செருகவில்லை. குணம் தம்பி, நீர்தான் சொல்ல வேண்டும்.

குணம் மாமா (கிளிநொச்சி): அக்கா, அந்தப் பயம் வேண்டாம். 3 அம்பியர் என்பது அந்தச் சார்ஜரால் அதிகபட்சம் கொடுக்கக்கூடிய மின்னோட்டம் மட்டுமே. அதில் எவ்வளவு எடுப்பது என்பதை உங்கள் போனுக்குள் இருக்கும் சுற்றுத்தான் தீர்மானிக்கிறது. உங்கள் வீட்டு 13 அம்பியர் பிளக்கில் 9 வாற் பல்ப் ஒன்றை எரித்தால், அது ஓர் அம்பியரின் பத்தில் ஒரு பங்கைக்கூட முழுதாக எடுப்பதில்லை. பிளக்கில் 13 இருக்கிறதே என்று பல்ப் எரிந்துபோவதும் இல்லை. ஒத்துப்போக வேண்டியது வோல்ற் அளவு.

தர்ஷி (வவுனியா): மாமா, பெரியம்மா தனியாக அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளியீடு என்ற இடத்தில் 5 வோல்ற் 3 அம்பியர் என்றும், அதன் கீழே 9 வோல்ற் 2 அம்பியர் என்றும் இரண்டு வரிகள் இருக்கின்றன. 5 வோல்ற்றுக்குச் செய்த போனுக்கு 9 வோல்ற் போனால் பழுதாகாதா?

குணம் மாமா: நல்ல கேள்வி, பிள்ளை. 9 வோல்ற் கண்மூடித்தனமாகப் போனால் பழுதாகத்தான் செய்யும். ஆனால் இவ்வகைச் சார்ஜர் எப்போதும் 5 வோல்ற்றில்தான் தொடங்கும். வேகச் சார்ஜிங் வசதியுள்ள போன் வயர் வழியாகக் கேட்டால் மட்டுமே 9 வோல்ற்றுக்கு உயரும். பழைய போனுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது, எனவே அது 5 வோல்ற்றிலேயே நிற்கும். நீ சாதாரண தரப் பரீட்சைக்கு (ஓ/எல்) படித்ததுபோல ஒவ்வொரு வரியிலும் வோல்ற்றை அம்பியரால் பெருக்கி வாற்றைப் பார்: முதலாவது 15 வாற், இரண்டாவது 18 வாற். கடைகளில் பெட்டியின் மேல் பெரிதாக எழுதி விற்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

பூமணி பெரியம்மா: கனடாவின் கரண்ட் வேறு, எங்களுடையது வேறு என்கிறார்களே?

குணம் மாமா: உண்மை. அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் (மின்சாரம் ஒரு விநாடியில் மாறிமாறிப் பாயும் சுற்றுகளின் எண்ணிக்கை). இங்கே இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அதனால்தான் உள்ளீட்டு வரியை முதலில் படிக்க வேண்டும். தர்ஷி, அங்கே என்ன எழுதியிருக்கிறது?

தர்ஷி: 100 முதல் 240 வோல்ற் வரை, 50/60 ஹேர்ட்ஸ்.

குணம் மாமா: அப்படியானால் இரண்டு நாட்டுக்கும் பொருந்தும். அதன் தட்டைப் பின்கள் எங்கள் பிளக்கில் ஏறாததால் ஓர் அடாப்டர் வாங்குங்கள். அந்தச் சிறு அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றைக் குறைக்காது. இதை அறியாமல் வெளிநாட்டுச் சாமான்களை எரித்தவர்கள் எங்கள் பக்கத்தில் பலர். பொதியில் வேறு மின்சாமான் ஏதும் உண்டா, அக்கா?

பூமணி பெரியம்மா: தலைமுடி வெட்டும் மெசின் ஒன்று இருக்கிறது. அதில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டுமே எழுதியிருக்கிறது.

குணம் மாமா: தயவுசெய்து அதைச் செருக வேண்டாம். 230 வோல்ற்றை 120 ஆகக் குறைக்கும், அதன் வாற் அளவைத் தாங்கும் டிரான்ஸ்போமர் இல்லாமல் அதை இங்கே பாவிக்கவே முடியாது.

சுதன் (மாங்குளம்): மாமா, காலபோக நெற்செய்கையில் பன்றிகள் பயிரை அழிக்காமல் காவல் காக்க வயலில் தங்கும்போது, உழவு இயந்திரத்தின் பற்றறியிலிருந்து நேரடியாக வயர் இழுத்துப் போனைச் சார்ஜ் செய்யலாமா?

குணம் மாமா: கூடவே கூடாது, தம்பி. அந்தப் பற்றறி 12 வோல்ற். இயந்திரம் ஓடும்போது 14 வரை ஏறும். போன் எதிர்பார்ப்பது 5 வோல்ற். வாகனங்களில் செருகும் சார்ஜர் ஒன்று வாங்கு. உள்ளீடு 12 முதல் 24 வோல்ற் வரை என்றும், வெளியீடு 5 வோல்ற் என்றும் அதில் இருக்க வேண்டும். பற்றறியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு பியூசும் போடு. வைக்கோலுக்குப் பக்கத்தில் வயர் உரசித் தீப்பற்றினால் இரவில் அணைக்க ஆள் இருக்காது.

சுதன்: சரி மாமா. நாளை கடையில் வாங்குவதற்கு முன், எழுதியிருப்பதைப் படம் பிடித்து இங்கே போடுகிறேன்.