தறி ஓடிய ஓட்டு வீட்டை டியூஷன் கூடமாக்கலாமா?

பாலாற்றங்கரை:
குடியாத்தம் பக்கத்து கிராமம், முற்றம் வச்ச ஓட்டு வீடு. மண்சுவர், சுண்ணாம்புப் பூச்சு. கூடத்தில் முன்னே ரெண்டு குழித்தறி (தரையில் குழி வெட்டி வைக்கும் கைத்தறி). தறி நின்னபிறகு மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை அடுக்கும் இடம். இனி 30 பிள்ளைகளுக்கு டியூஷன். தாழ்வாரத்தின் நாலு மரத்தூணில் ஒண்ணு அடியில் இத்துப்போச்சு. இடிச்சுட்டு கான்கிரீட் போடச் சொல்றாங்க. தறிக்குழியை எப்படி மூடறது? முற்றத்துக்கு மேல ஷீட் போடலாமா?

உளிச்சத்தம்:
ஒரு தூணுக்காக வீட்டை இடிக்காதீங்க. பிற்பாடு போட்ட சிமெண்ட் தரை, தூண் நிக்கிற கால்கல்லை மூடி மரத்தையே சுத்திப் பிடிச்சிருக்கும். ஈரம் வெளியேற வழியில்லாம இத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் அடியிலிருந்து மேலே குத்திக்கிட்டே போங்க. முனை இறங்காத இடத்துக்கு மேல ரெண்டு அங்குலம் விட்டு அறுக்கணும். அதுக்கு முன்னாடி உத்திரத்துக்கு ரெண்டு பக்கமும் ஜாக்கி வச்சு முட்டு கொடுங்க. தூண் பாரம் விட்டா போதும், கால் அங்குலத்துக்கு மேல தூக்கினா ஓடு நகர்ந்து அடுத்த மழைக்கே ஒழுகும். அறுத்த உயரத்துக்குக் கருங்கல் கால், நடுவுல துளை போட்டு 12 மி.மீ. துருப்பிடிக்காத கம்பி முளை, மரத்துக்கும் கல்லுக்கும் இடையில ஈயத் தகடு. இந்தக் கருங்கல் கால், தரைக்கு மேல ஆறு அங்குலமாவது தெரியணும். மத்த மூணு தூணையும் குத்திப் பாருங்க.

கடுக்காய்த்தண்ணி:
தறிக்குழியில் மரத்துண்டு, நூல் கழிவு எதுவும் விட்டுடாதீங்க, கரையான் அங்கிருந்துதான் கிளம்பும். கிராவலை அரை அடி அரை அடியா கொட்டி, நனைச்சு, திமிசு (இடிக்கும் கட்டை) போட்டு இறுக்கணும். மொத்தமா கொட்டினா மழைக்காலத்துல தரை குழிஞ்சிடும்.

மூட்டை சாஞ்சிருந்த சுவர்ல பூச்சு பொரிஞ்சிருக்கும். அங்கே சிமெண்ட் பூசவே பூசாதீங்க. மண்சுவர் விடும் ஈரம் பின்னால தேங்கி, பூச்சு பாளம் பாளமா விழும். பூச்சுக் கலவைக்கு நீத்த சுண்ணாம்பு 1, மணல் 3, கலக்க கடுக்காய் ஊறின தண்ணி.

பாலாற்றங்கரை:
நன்றிங்க. முற்றம்?

ஓட்டுக்கூரை:
அதை அடைச்சிடாதீங்க. வேலூர் வெயில்ல கூடத்துச் சூடு மேலே போற வழியே அதான். சாரல்தான் கவலைன்னா கூரை விளிம்புக்கு ஒன்றரை அடி மேல, நாலு பக்கமும் திறந்தமாதிரி ஷீட் போடுங்க. கால்களை முற்றத்து மூலைகள்ல இரும்புக் குழாயா நட்டுடுங்க. கைமரத்துல (ஓட்டைத் தாங்குற சாய்வு மரம்) ஆணி அடிச்சு நிறுத்தினா, காத்து ஷீட்டைத் தூக்கும்போது மரமும் பெயரும். முற்றத்துத் தண்ணி வெளியேறும் தூம்புல அடைப்பு இருந்தா எடுத்துடுங்க.

ஓடு மாத்தறதா இருந்தா சதுரத்துக்கு (100 சதுர அடி) சுமார் 150 சீமை ஓடு (மங்களூர் ஓடு), ஓடு உக்கார்ற ரீப்பர் சட்டங்களுக்கு இடைவெளி 12½ அங்குலம். ஃபேனைக் கைமரத்துல தொங்கவிடாம சுவர்ல மாட்டுங்க.