‘தி ஹர்ட் லாக்கர்’: ஜேம்ஸ் துணிச்சல்காரரா, பொறுப்பற்றவரா?

கொழிஞ்சாம்பாறைக்காரன் கேட்டது:

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகசாலையில் ‘தி ஹர்ட் லாக்கர்’ படத்தைத் திரையிட்டோம். 2004ஆம் ஆண்டின் ஈராக்கில், தெருவோரம் புதைக்கப்பட்ட குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் மூன்று அமெரிக்க வீரர்களின் கதை அது. கேத்தரின் பிகலோ இயக்கிய இப்படம் 2010 மார்ச்சில் ஆறு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. சிறந்த இயக்குநருக்கான விருதை ஒரு பெண் பெற்றது அதுவே முதல் முறை.

படம் முடிந்த பிறகு கூட்டம் கலையவில்லை. அந்த மூவரில் குண்டுகளை நேரில் அகற்றுபவரான சார்ஜென்ட் ஜேம்ஸ் போன்ற ஒருவர் இருந்தால்தான் ஊர் பிழைக்கும் என்று ஒரு சாரார் பேசினார்கள். கூட இருப்பவர்களின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கும் அந்த மனிதரை முதல் நாளே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வீடு திரும்பியவர், பல்பொருள் அங்காடியில் தானியப் பெட்டிகள் அடுக்கிய நீண்ட வரிசைக்கு முன்னால் எதை எடுப்பதென்று தெரியாமல் நிற்கிறார். அடுத்து மீண்டும் போர்முனையில் இறங்குகிறார், பணிக்காலத்தில் இன்னும் 365 நாட்கள் மீதம் என்று திரையில் எழுத்து வருகிறது. அந்த இடத்தில் சிலர் கைதட்டினார்கள், எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. இந்தப் படம் அவரைப் புகழ்கிறதா, இல்லையா? இத்துறையை அறிந்தவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து விளக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற சாப்பர் (பாலக்காடு) எழுதியது:

ஐயா, இந்தியத் தரைப்படையின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் பிளாட்டூனில் ஜேம்ஸ் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டார். வந்த முதல் நாளே புகைக் குண்டை வீசித் தன் காவலுக்கு நிற்பவர்களின் பார்வையிலிருந்தே மறைந்து போகிறார். மண்ணில் கிடந்த கம்பியைக் கையால் இழுத்து, சுற்றிலும் புதைந்திருந்த பீரங்கிக் குண்டுகள் ஒவ்வொன்றாக மேலே எழும்படி செய்கிறார். பார்க்க அழகான காட்சிதான். ஆனால் ஒரு குண்டு இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்கும் என்று பயிற்சியின் முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். இயந்திரத்தை அனுப்ப முடிந்தால் மனிதன் போகக் கூடாது, தொலைவிலிருந்து வெடிக்க வைக்க முடிந்தால் கையை வைக்கக் கூடாது என்பதே எங்கள் வேலையின் ஒழுங்கு.

ஒரு காரில் அடுக்கி வைத்திருந்த குண்டுகளைக் கண்டதும் அவர் பாதுகாப்பு உடையைக் கழற்றிப் போடுகிறாரே, அதைப் பலர் திமிர் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முப்பத்தைந்து கிலோவுக்குக் குறையாத அந்த உடை சிதறல்களைத் தாங்கும். ஆனால் அவ்வளவு வெடிமருந்து அருகிலேயே வெடித்தால் எழும் அழுத்த அலைக்கு முன்னால் அது வெறும் துணிதான். தவிர, நுணுக்கமாக வேலை செய்ய வேண்டியிருப்பதால் அந்த உடையில் கைகளுக்கு மட்டும் காப்பு கிடையாது என்பதைப் படத்திலேயே கவனித்துப் பார்க்கலாம். என்னால் மன்னிக்க முடியாதது, தோழர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காதிலிருந்த கருவியைக் கழற்றி எறிவதுதான்.

2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு எல்லை நெடுகக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன, பின்னர் அவற்றை நாங்களே அகற்றினோம். ராஜஸ்தானில் மணல் இடம் பெயரும். வரைபடத்தில் குறித்த இடத்தில் வெடி இருக்காது. குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாகக் குத்தி, விரற்கடை விரற்கடையாக முன்னேற வேண்டும். போர் நடக்காமலே அந்த வேலையில் பலரை இழந்தோம். அதைப் படமாக எடுத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் நாள் முழுவதும் ஒன்றுமே நடக்காது. எலம்புலாசேரியைப் பூர்வீகமாகக் கொண்ட லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன் 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்டபோது இறந்ததை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். சண்டையில் கொல்லப்பட்ட பயங்கரவாதி ஒருவனின் உடலைச் சோதிக்கும்போது கையெறி குண்டு வெடித்துத்தான் அவர் போனார். ஆகவே படத்தின் நுட்பத்தில் நான் குறை காண்கிறேனே ஒழிய, அந்தப் பயத்தில் குறை காணவில்லை.

வேலந்தாவளம் கல்குவாரி எழுதியது:

நான் போர்முனையைப் பார்த்தவன் அல்ல, ஆந்திர எல்லையில் குப்பம் பக்கத்துக் குவாரிகளிலும் பிறகு இந்தப் பக்கத்திலும் பாறைக்கு வெடி வைத்தவன். எனக்குப் படத்தில் ஒட்டிக்கொண்ட காட்சி வேறு. தீப்பற்றி எரிந்த காரில் ஜேம்ஸ் வேலையை முடித்துவிட்டு வந்து அமர்ந்ததும், ஒரு கர்னல் ஓடி வந்து, இதுவரை எத்தனை குண்டுகளைச் செயலிழக்கச் செய்திருக்கிறீர்கள் என்று மறுபடி மறுபடி கேட்டு, 873 என்ற விடையைக் கறந்து, பூரித்துப் போகிறாரே, அந்தக் காட்சி. சற்று முன்னால்தான் அதே கர்னல், காயம்பட்டுக் கிடந்த எதிரியை இவன் பிழைக்க மாட்டான் என்று சொல்லிக் கைவிட்டிருப்பார்.

எங்கள் குவாரியில் ஒருநாள் ஒன்பது குழிகளுக்கு மருந்து நிரப்பித் திரி கொளுத்தினோம். எட்டுச் சத்தம்தான் கேட்டது. ஒன்று வெடிக்காமல் நின்றுவிட்டதா, இரண்டு ஒன்றாக வெடித்துவிட்டனவா என்பது தெரியாத நிலையில் அரை மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது என்று மேஸ்திரி தடுத்தார். வெடிக்காத குழி என்று உறுதியானாலும் அதைத் தோண்டக் கூடாது, ஓர் அடிக்குக் குறையாமல் தள்ளிப் புதுக் குழி போட்டு அதில் மருந்து வைத்துத்தான் பழையதைத் தீர்க்க வேண்டும். லாரிகள் காத்து நின்றன, முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்தாவது நிமிடத்தில் ஓர் இளைஞன் யாரையும் கேட்காமல் இறங்கிப் போய், எல்லாம் வெடித்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தான். முதலாளி அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் கேடாகப் போயிற்று. அன்றிலிருந்து மேஸ்திரி அரை மணி நேரம் என்று சொன்னால் பையன்கள் சிரித்தார்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார். ஜேம்ஸைப் பற்றி விவாதிக்கிறோம், சரி. அவரை 873 வரைக்கும் எண்ண வைத்தவர்களைப் பற்றியும் பேச வேண்டாமா?

மீனாட்சிபுரம் ஆசிரியை எழுதியது:

குவாரி அண்ணாவின் பதிவைப் படித்த பிறகு அந்தக் கர்னல் காட்சியை மீண்டும் பார்த்தேன். புகழுரை அவர் வாயிலிருந்து மட்டுமே வருகிறது என்பதால், படம் ஜேம்ஸைப் புகழவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில், தன்னைக் கொல்லப் பார்த்த குண்டுகளின் பாகங்களை அவர் சேர்த்து வைத்திருக்கிறார், அவற்றோடு கல்யாண மோதிரத்தையும் வைத்திருக்கிறார். இப்படி ஒரு மனிதரைக் காட்டிவிட்டு, இவரைப் போல வாழுங்கள் என்று எந்த இயக்குநர் சொல்வார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர் பெற்ற நடிகரான கை பியர்ஸ் முதல் காட்சியிலேயே இறந்து விடுகிறார், பின்னால் வரும் ரால்ஃப் ஃபைன்ஸும் வந்த வேகத்தில் போய் விடுகிறார். நட்சத்திரம் கடைசி வரை இருப்பார் என்ற நம்பிக்கையில் படம் பார்த்துப் பழகிய நமக்கு அதன் பிறகு யார் எப்போது சாவார் என்பது தெரியாமல் போய்விடுகிறது. இதை நல்ல தந்திரம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஈராக் மக்கள்? அவர்கள் சன்னலில் நிற்கிறார்கள், மாடியில் நிற்கிறார்கள், குறுவட்டு விற்கும் சிறுவனைத் தவிர ஏறக்குறைய யாருக்கும் பெயர்கூட இல்லை. குண்டு அகற்றும் கதையை வேறு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும் என்பதற்கு 2015இல் வந்த டேனிஷ் படமான ‘லேண்ட் ஆஃப் மைன்’ சான்று. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டென்மார்க்கின் கடற்கரையில் ஜெர்மானியர் புதைத்திருந்த கண்ணிவெடிகளை ஜெர்மன் போர்க்கைதிகளைக் கொண்டே தோண்டி எடுக்க வைத்தார்கள். அவர்களில் பலர் மீசை முளைக்காத பையன்கள். சாப்பர் ஐயா சொன்ன குப்புறப் படுத்து மணலைக் குத்தும் வேலை அதில் நெடுநேரம் வருகிறது. ஒன்றும் நடக்காத அந்த நேரம்தான் தாங்க முடியவில்லை. அதனால், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆசிரியை சொன்ன சன்னல்களுக்காகவே நேற்றிரவு படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் காட்சியில் கறிக்கடை வாசலில் கைபேசியோடு நிற்பவர் பொத்தானை அழுத்துகிறார், அதனால் அதன் பிறகு கையில் எதையாவது வைத்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு ஈராக்கியையும் நாமும் வீரர்களைப் போலச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். கார் குண்டுக் காட்சியில் மாடியில் நின்று வீடியோ எடுக்கும் மனிதர் யார், எதற்காக எடுக்கிறார் என்பதைப் படம் கடைசி வரை சொல்வதில்லை. நெம்மாறை வேலைத் திருவிழாவில் வெடிக்கெட்டு என்னும் வாணவேடிக்கை பார்க்கப் போகும்போதெல்லாம் நானும் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஏறி, கைபேசியை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

அடுத்த மாதம் அந்த டேனிஷ் படத்தைத் திரையிடுகிறோம். சாப்பர் ஐயா கட்டாயம் வர வேண்டும், முடிந்தால் குவாரி அண்ணன் அந்த மேஸ்திரியையும் தேடிப் பிடித்து அழைத்து வர வேண்டும்.