எஸ்டேட் ரெட் ஒயின்: சொந்தத் தோட்டத்துப் பழம் என்றால் அப்படி என்ன விசேஷம்?

மலைச்சாரல்:
பெங்களூரு பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் ஒரு ஒயின் தோட்டம் பார்த்துவிட்டு வந்தோம். சுற்றிக் காட்டியவர் "இது எஸ்டேட் ரெட், வெளிப் பழம் ஒரு கிலோகூடச் சேர்ப்பதில்லை" என்று பெருமையாகச் சொன்னார், விலையும் பக்கத்து பாட்டிலைவிட ஏகத்துக்கும் அதிகம். நல்ல பழமாக இருந்தால் போதாதா, யார் தோட்டத்தில் விளைந்தால் என்ன? இன்னொன்று, எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர். அங்கே வருஷம் முழுக்கப் பன்னீர் திராட்சை வெட்டுகிறார்களே, அதில் இப்படி அடர்த்தியான ரெட் வராதா?

பீப்பாய்:
நாசிக்கில் ஒயின் ஆலையில் வேலை பார்க்கிறேன். எஸ்டேட் என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் 'எஸ்டேட் பாட்டில்ட்' என்று லேபிளில் போட, பழம் முழுக்க ஆலையின் சொந்த நிலத்திலோ அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிலத்திலோ விளைந்திருக்க வேண்டும். நசுக்குவதிலிருந்து பாட்டிலில் அடைப்பதுவரை அந்த ஆலையே செய்ய வேண்டும். ஒயினுக்குப் பேர்போன பிரான்சின் போர்தோ பகுதியிலேயே முன்பெல்லாம் பீப்பாயோடு வியாபாரிக்கு விற்றுவிடுவார்கள், அடைப்பது அவர் பாடு. அங்கே மூட்டோன் ரோத்ஷில்ட் என்ற ஒயின் தோட்டத்தில் 1924 அறுவடையில்தான் எல்லாவற்றையும் தோட்டத்திலேயே அடைக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் லேபிளைவிட முக்கியம் வெட்டும் நாள். வெளி விவசாயிக்கு எடைக்குத்தான் காசு, அவரிடம் போய் மிச்சப் பழத்தில் ருசி ஏறப் பாதிக் கொத்தைக் கழித்துவிடு, இன்னும் ஒரு வாரம் பொறு என்றால் எப்படிக் கேட்பார்? சொந்தத் தோட்டமானால் ஏக்கருக்கு 4, 5 டன்னோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கே கொடி குளிர்காலத்தில் உறங்காது, அதனால் ஏப்ரலில் கொடி வளர ஒரு கவாத்து, செப்டம்பர், அக்டோபரில் காய்க்க இன்னொரு கவாத்து. மழைக்காலத்தில் காய்க்க விட்டால் அடிச்சாம்பல் நோய் வந்து எல்லாம் போய்விடும். வெட்டு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், பகல் வெயிலில் சர்க்கரை ஏறும், ராத்திரிக் குளிரில் புளிப்பு இறங்காமல் நிற்கும். சாற்றின் சர்க்கரையைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 24 காட்டினால் ஆல்கஹால் சுமார் 13 சதவீதம் வரும். அந்த எண்ணை மட்டும் நம்பமாட்டோம், விதையைக் கடித்துப் பார்ப்போம். பச்சையாக இருந்து நாக்கைப் பிடித்தால் பொறுக்க வேண்டும், பழுப்பாகி மொறுக்கென்று உடைந்தால் மறுநாள் விடியலில் வெட்டு.

கம்பத்துப்பந்தல்:
சின்னமனூர்க்காரரே, நம்ம பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம், 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியாச்சு. ஆனால் அது சாப்பிடுகிற பழம். பந்தலில் ஏற்றி, 2 வருஷத்துக்கு 5 வெட்டு எடுக்கிறோம். வாசனைக்குக் குறைவில்லை, சாயம்தான் கம்மி.

மலைச்சாரல்:
தோல் கறுப்பாகத்தானே இருக்கிறது அண்ணே, அப்புறம் எப்படிச் சாயம் கம்மி?

பீப்பாய்:
ஒரு பழத்தை உரித்துப் பாருங்கள், உள்ளே சதைக்கு நிறமே இருக்காது. சிவப்பு மொத்தமும் தோலில். ரெட் ஒயினுக்கு வளர்க்கும் கேபர்னே சாவிஞோன் ரகத்தின் பழம் பொடிசு, தோல் தடிப்பு, அதனால் கொஞ்சச் சாற்றுக்கு நிறையத் தோல். பன்னீர் பெரிய பழம், மெல்லிய தோல், சாறு அதிகம்.

ரெட்டுக்குத் தோல், விதை எல்லாவற்றோடும்தான் தொட்டியில் 25-30 டிகிரியில் புளிக்க விடுவோம். கரியமில வாயு தோலை மேலே தள்ளி, பாலாடை மாதிரி கெட்டியாக மிதக்கும். அது காய்ந்தால் வினிகர் வாடை அடிக்கும், ஆகவே தினமும் அடியிலிருந்து சாற்றை பம்ப் வைத்து இறைத்து அதன்மேல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பிழிந்து, புளிப்பு கொஞ்சம் மென்மையாகும்வரை விட்டு, 225 லிட்டர் ஓக் பீப்பாய்க்குப் போகும்.

பன்னீரிலும் செய்யலாம், வெளிர் சிவப்பாக, வாசனையாக வரும், சீக்கிரம் குடித்துவிட வேண்டும். அடர் ரெட் வேண்டுமென்றால் கொடியையே மாற்றி வருஷத்துக்கு ஒரே வெட்டோடு நிறுத்த வேண்டும்.

கம்பத்துப்பந்தல்:
வருஷத்துக்கு ஒரே வெட்டா? அதை முதலில் எங்கள் வீட்டம்மாவிடம் வந்து சொல்லுங்கள்.