புரோரோக் எண்டா என்ன? கொக்குவில் வீட்டுக் குழு

தர்சி: மாமா நிக்கிறியளோ? 'புரோரோக்' எண்டா என்ன? ரியூசனில தந்த ரியூட்டில பாராளுமன்றத்தை ஒத்திவைக்கிறது எண்டு கிடக்கு. 'அட்ஜர்ன்'க்கும் அதையேதான் போட்டிருக்கு.

சுகந்தி அன்ரி: ஏதோ சண்டியன்ர பேர் மாதிரிக் கிடக்கு 😄

மாமா: ரெண்டும் ஒண்டில்லை பிள்ளை. அட்ஜர்ன் எண்டா இண்டையான் அமர்வு முடிஞ்சுது, நாளைக்கோ அடுத்த கிழமையோ வாங்கோ. புரோரோக் எண்டா கூட்டத்தொடரே முடிஞ்சுது. எங்கட நாட்டில ஜனாதிபதிதான் செய்யலாம், கூடினது ரெண்டு மாசம். எம்.பி.மாருக்குப் பதவி போகாது. அது கலைச்சால்தான்.

ரூபன் அண்ணா: 2018 கூத்து! ஒக்டோபர் 26 பிரதமர் ரணிலைத் தூக்கிப்போட்டு அடுத்த நாளே ஜனாதிபதி மைத்திரி பாராளுமன்றத்தைப் பூட்டினவர். நவம்பர் 16 வரைக்கும். உயர் நீதிமன்றம் பிழையெண்டு சொல்லிச்சுதெல்லே?

மாமா: அது சொன்னது நவம்பர் 9 கலைப்பைப் பற்றி, டிசம்பர் 13. பெட்டையைக் குழப்பாதை.

தர்சி: சொல்லு எங்கயால வந்தது?

மாமா: லத்தீன். 'ரோகாரே' எண்டா கேக்கிறது. ரோமில சட்டம் போடுறதெண்டால் சனத்திட்டக் கேக்கவேணும். பிறகு பலகையில வாக்கு எழுதிப் போடுற முறை வந்தாப்போல, ஓம் எண்டுறவை 'நீ கேட்டபடி' எண்ட வசனத்தின்ர முதலெழுத்தைத்தான் கீறுறவை. கி.மு. 326இல பப்லிலியஸ் பிலோ எண்ட கொன்சல், ரோமின்ர பெரிய பதவிக்காரர், நேப்பிள்ஸ் பக்கம் முற்றுகை போட்டுக்கொண்டு நிக்கேக்க பதவிக்காலம் முடியப் பாத்தது. சனத்திட்டக் கேட்டு நீட்டிக் குடுத்தவை. அதுதான் 'புரோரோகாரே'.

தர்சி: இன்ரரொகேற்றும் இதாலயோ?

மாமா: ஓம், அதே வேர். கேள்வி கேட்டு விசாரிக்கிறது.

ரூபன் அண்ணா: அந்தச் சொல்லு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.

சுகந்தி அன்ரி: உதை விடு. நீட்டுறதுக்கு இருந்த சொல்லாலயோ இப்ப பூட்டுகினம்?

மாமா: இங்கிலீசிலயும் முதல் நீட்டுறதுதான். பிறகு தவணை போடுறது. தவணை போட்டுப் போட்டே கடைசியில சபையை மூடுறதாப் போச்சு.

சுகந்தி அன்ரி: அப்ப எங்கட காணி வழக்கும் புரோரோக்தான் 😂

தர்சி: பொறிஸ் ஜோன்சன்?

மாமா: அவர் பிரிட்டன் பிரதமரா இருக்கேக்க 2019 செப்டெம்பரில புரோரோக் பண்ணுவிச்சவர். 24ஆந் திகதி அங்கத்தை உயர் நீதிமன்றத்தில 11 நீதியரசர்மாரும் ஒருமிச்சுச் செல்லாதெண்டு போட்டினம். இன்னொண்டு, அங்க முடியாத சட்டமூலம் பெரும்பாலும் செத்துப்போகும். இஞ்ச அடுத்த தொடரில விட்ட இடத்தில இருந்து எடுக்கலாம். எங்கட அரசியலமைப்பின்ர 70ஆவது உறுப்புரை. ரியூட்டில இல்லாட்டி ஓரத்தில எழுதி வை.

தர்சி: எழுதீட்டன். இனி ரியூசன் சேரிட்டக் கேக்கப்போறன்.

சுகந்தி அன்ரி: மரியாதையாக் கேள் பிள்ளை.