டேட்டாபேஸை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றினால் போதுமா?

நண்பர்களே, ஒரு முடிவெடுக்க உதவி வேண்டும். நான் பார்த்துக்கொள்ளும் வேர்ட்பிரஸ் தளம் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க் சர்வரில்தான் ஓடுகிறது. கூட்டம் கூடினாலே பக்கம் திறக்க ஏழெட்டு விநாடி ஆகிறது. சிபியு சும்மா இருக்கிறது, ஐஓவெயிட் (டிஸ்க்குக்காக சிபியு காத்திருக்கும் நேரம்) மட்டும் 40 சதவீதத்தைத் தாண்டுகிறது, அதனால் சிக்கல் டிஸ்க்கில்தான் என்று நினைக்கிறேன்.

7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்க்கில் தட்டு ஒரு சுற்று சுற்றவே 8.3 மில்லிவிநாடி ஆகும், சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும், படிக்கும் ஹெட் நகரும் நேரம் வேறு. ஆக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும்போது விநாடிக்கு நூறு சொச்சம் கோரிக்கைகளுக்கு மேல் தாங்காது. தளத்தின் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் செய்வது பெரும்பாலும் இந்த வேலைதான். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை, சாதாரண சாட்டா வகையே பல்லாயிரம் தாங்கும். இதுவரை சரி.

குழப்பம் இனிமேல்தான். படங்களும் பேக்கப்பும் சேர்ந்து 900 ஜிபி இருக்கிறது, எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் வைக்கப் பணம் போதாது. டேட்டாபேஸையும் பிஎச்பி கோப்புகளையும் மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றி, மற்றதை ஹார்டு டிஸ்க்கிலேயே விட்டால் வேகம் கூடுமா? யாராவது இப்படி ஓட்டியிருக்கிறீர்களா? அப்புறம், ரேம் 4 ஜிபிதான். முதலில் அதைக் கூட்டி இன்னோடிபி பஃபர் பூலை (டேட்டாபேஸ் தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) பெரிதாக்குவது நல்லதா? இன்னொரு கவலையும் உண்டு. எஸ்எஸ்டியில் எழுதும் அளவுக்கு வரம்பு இருப்பதால், ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் முறை) போட்டாலும் ஒரே நேரத்தில் வாங்கிய இரண்டும் ஒன்றாகவே தேய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஸ்மார்ட் கணக்கை (டிஸ்க் தன் தேய்மானத்தைத் தானே பதிந்து வைப்பது) எத்தனை நாளுக்கொரு முறை பார்க்கிறீர்கள்? இந்தத் தளத்தை நம்பிப் பலர் இருக்கிறார்கள், நீங்கள் அனுபவத்தில் கண்டதைச் சொல்லுங்கள்.