பாலிஹவுஸ் சூடும் பூமிச் சூடும் ஒன்றா?

தளி ரோஜாக்காரன்:
எங்கே பார்த்தாலும் பூமியைப் பசுமைக்குடில் என்கிறார்கள். நான் தளியில் பாலிஹவுஸில் ரோஜா போடுகிறேன். உள்ளே சூடு ஏறுவது கரியமில வாயுவால் இல்லை. சூடான காற்று வெளியேறாமல் பாலித்தீன் ஷீட் தடுக்கிறது, அவ்வளவுதான். பக்கத்துத் திரையைச் சுருட்டிவிட்டால் சூடு இறங்கிவிடும். நெதர்லாந்தில் பயிர் செழிக்கக் குடிலுக்குள் 1000 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 1000 பங்கு வரை, அந்த வாயுவை விடுகிறார்கள். செடி வெந்தா போகிறது? வெளிக்காற்றில் இருப்பதோ 420 சொச்சம், 0.04 சதவீதம். இதற்கா இவ்வளவு கூச்சல்?

பாலக்கோடு வாத்தியார்:
குடில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான் அண்ணா. ஆனால் பூமிக்குச் சுருட்டிவிடத் திரை கிடையாது. சூடான காற்று விண்வெளிக்குப் போகாது, வெப்பம் அகச்சிவப்புக் கதிராகத்தான் போக வேண்டும். உலர்ந்த காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். அவை அந்தக் கதிரைத் தொடுவதில்லை. நீராவி, கரியமில வாயு போன்றவைதான் பிடிக்கின்றன. ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர் 1859-லேயே வாயுக்களைக் குழாயில் அடைத்து அளந்துவிட்டார். இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. இப்போது சுமார் 15.

தளி ரோஜாக்காரன்:
நீராவி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் சார். அதுதானே காற்றில் அதிகம்? பழியை அதன் மேல் போடுங்கள்.

மாந்தோப்பு:
சண்டை முடிந்ததும் யாராவது பெங்களூரா மாம்பழ விலையைப் பற்றியும் பேசுங்கப்பா.

பாலக்கோடு வாத்தியார்:
நீராவியின் பங்கு பெரிதுதான். ஆனால் அது சில நாட்களில் மழையாக இறங்கிவிடும். காற்றின் சூட்டைப் பொறுத்துத்தான் அது தங்கும், டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதலாக. கரியமில வாயுவோ மழையாகிக் கொட்டாது, நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். அது கொஞ்சம் சூடேற்றும், அதனால் நீராவி கூடும், சூடு இன்னும் ஏறும்.

ஓசூர் இன்ஜினியர்:
கரியமில வாயு பிடிக்கிற 15 மைக்ரான் அலைநீளத்தில், இப்போதுள்ள வாயுவே அகச்சிவப்புக் கதிரை முழுசாக விழுங்கிவிடுகிறதே சார்? மேலும் சேர்த்தால் விழுங்க என்ன மிச்சம்? 1900 வாக்கில் ஸ்வீடன் இயற்பியலாளர் ஆங்ஸ்ட்ரோம் எழுப்பிய கேள்விதான் இது.

பாலக்கோடு வாத்தியார்:
இதுதான் உருப்படியான கேள்வி. தரைப் பக்கத்தில் அப்படித்தான். ஆனால் விழுங்கிய வெப்பம் அங்கேயே நின்றுவிடுவதில்லை, அடுக்கடுக்காக மேலே கைமாறிப் போய், காற்று மெலிந்த ஓர் உயரத்தில்தான் விண்வெளிக்குத் தப்புகிறது. வாயு கூடினால் அந்த உயரமும் கூடும். உயரப் போனால் குளிர். சூளகிரி தாண்டி ஓசூர் ஏறும்போதே உடம்புக்குத் தெரியும், கிலோமீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குறையும். குளிர்ந்த காற்று கதிரைக் குறைவாகவே வீசும். வருகிற வெயில் அதே அளவு, வெளியே போவது மட்டும் குறைவு. இரண்டும் சமமாகும் வரை கீழே சூடு ஏறித்தான் ஆக வேண்டும். நெதர்லாந்துக் குடிலின் சில மீட்டர் உயரத்தில் இந்த வேலை நடக்காது அண்ணா.

தளி ரோஜாக்காரன்:
செவ்வாய்க் கிரகத்தின் காற்றில் 95 சதவீதம் இதே வாயு. அங்கே ஏன் உறைந்து கிடக்கிறது?

பாலக்கோடு வாத்தியார்:
அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வெள்ளியைப் பாருங்கள். 96 சதவீதம் இந்த வாயு, அழுத்தம் நம்மைப் போல் 90 மடங்கு. விழும் வெயிலில் சுமார் முக்கால் பங்கை மேகம் திருப்பி அனுப்பியும் தரையில் 460 டிகிரி. சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் புதன்கூட அவ்வளவு சூடில்லை.

ஓசூர் இன்ஜினியர்:
சரி, இயற்பியலை விடுங்கள். ஓசூர் சுடுவது ஏரியை மூடி, மரத்தை வெட்டி, கான்கிரீட் போட்டதால். உலகச் சூட்டுக்குச் சூரியனே காரணமாக இருக்கலாமே?

பாலக்கோடு வாத்தியார்:
கான்கிரீட் ஊரைச் சுடும், கடலைச் சுடாது. கடலும் சூடாகிறது. சூரியன் காரணமென்றால் மேலே உயரத்திலுள்ள காற்றடுக்கான அடுக்கு மண்டலமும் (ஸ்ட்ரேட்டோஸ்பியர்) சூடாக வேண்டும். அது குளிர்ந்துகொண்டு வருகிறது. ஆனால் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகிறது: ஹவாயின் மவுனா லோவாவில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது 315 பிபிஎம், இன்று 420-க்கு மேல்.

ஓசூர் இன்ஜினியர்:
கடல் கணக்கில் எனக்குத் தகராறில்லை சார். ஆனால் ஓசூரில் ஏறியதில் கார்பன் எவ்வளவு, கான்கிரீட் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத வரைக்கும், முதலில் ஏரியைத் தூர்வாருங்கள் என்றுதான் சொல்வேன்.